புதுச்சேரியில் முதல் மின்னணு இசைக் கச்சேரிக்குத் தயாராவது எப்படி?

வீட்டில் இசையமைத்து இணையத்தில் ஏற்றிவரும் கலைஞர் முதன்முறையாக மேடையேற ஜூன் 21 நல்ல நாள். 1982-இல் பிரான்சில் தொடங்கிய இசைத் திருநாள் புதுச்சேரியிலும் கொண்டாடப்படுவதால், புதியவருக்கும் காதுகொடுக்கக் கூட்டம் இருக்கும்.

முடித்த பாட்டை அப்படியே ஓடவிட்டு மேடையில் தலையாட்டுவது கச்சேரி ஆகாது. ஒவ்வொரு பாட்டையும் தாளம், பேஸ் (கனத்த தாழ்ஒலி), மெட்டு, குரல் எனத் தனித்தனித் தடங்களாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றையாவது மேடையிலேயே வாசிக்கும்படி விட்டுவைக்க வேண்டும். கருவிகளைக் குவிக்கத் தேவையில்லை. மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் ரோலண்டு நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் மெஷின் (தாளக் கருவி), டிபி-303 பேஸ் சின்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கருவி), ஜூபிட்டர்-8 சின்தசைசர் ஆகிய மூன்றை வைத்தே பத்து ராகங்களைப் பதிவுசெய்தார். உலகம் அதைக் கண்டுகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின என்பது வேறு கதை.

மேடையில் பெரும்பாலும் காலைவாருவது மின்சாரம்தான். ஜெனரேட்டருக்கு மாறும் சில நொடிகளில் லேப்டாப் பேட்டரியில் தாக்குப்பிடிக்கும். ஆனால் சின்தசைசரும் டிரம் மெஷினும் அணைந்து, சேமிக்காத அமைப்புகளை இழந்துவிடும் என்பதால், அவற்றுக்கு மட்டுமாவது சிறிய யுபிஎஸ் ஒன்று வேண்டும். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்ற இரைச்சல் எழுந்து, கழற்றியதும் அடங்கினால், லேப்டாப்பும், ஒலிகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சரும் வெவ்வேறு வழியில் எர்த் ஆகின்றன என்று பொருள். நேரடி மின்தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டியை இடையில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிட்டால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து.

லேப்டாப் ஒலியை வெளியிடுமுன் சேர்த்துவைக்கும் ஆடியோ பஃபரை 256 சாம்பிள் (ஒலித் துணுக்கு) அளவில் வைத்தால், 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில், அதனால் வரும் தாமதம் சுமார் 5 மில்லிநொடிதான்; விரலுக்கு அது உறைக்காது. அறைச் சுவர்கள் திருப்பியனுப்பும் பேஸ் ஒலி திறந்தவெளியில் கிடைக்காது என்பதால், வீட்டில் கனமாகக் கேட்டது கடற்கரையில் மெலிந்து ஒலிக்கும். சவுண்ட் செக்கின்போது மேடையை விட்டு இறங்கிப் பின்வரிசையில் நின்று கேட்டு, சவுண்ட்காரரிடம் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். உப்புக்காற்று படாமல் கருவிகளைத் துணியால் மூடிவைப்பதும் நல்லது.

திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் அதை இயக்க, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை என்பதால், கடைசிப் பாட்டு 9.50-க்குள் முடியும்படி வரிசையைப் பின்னிருந்து கணக்கிட்டு, நேரம் நெருக்கினால் விட்டுவிடக்கூடிய பாட்டு எது என்பதையும் முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.