புதுச்சேரி ஏலத்தில் பழைய பாக்ஸ்டர்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

ஏலக் குறிப்பில் 'குறைந்த கிலோமீட்டர், ஒரே உரிமையாளர்' என்று இருந்தால் உடனே மயங்க வேண்டாம். கடலோர ஷெட்டில் மாதக்கணக்கில் நின்ற, கூரை மடியும் போர்ஷே பாக்ஸ்டர் காரைவிட, வாரம் ஒருமுறை ஈசிஆரில் ஓடி வருஷாவருஷம் ஆயில் மாற்றிய வண்டியே மேல். உப்புக்காற்றுக்கு மீட்டர் கணக்கு தெரியாது.

இங்கே சொல்வது 2005 முதல் 2012 வரை வந்த 987 மாடலுக்கு. இதில் 2009-க்கு முன் ஒன்று, 2009 மாடல் முதல் ஒன்று என்று இரண்டு எஞ்சின்கள். முன்னதில் ஐஎம்எஸ் பேரிங் உண்டு. எஞ்சினுக்குள் இருக்கும் இடைத் தண்டைத் தாங்குவது அது, உடைந்தால் எஞ்சினே போகும். பின்னதில் அந்தத் தண்டே இல்லை. 2006–2008 வண்டிகளில் பேரிங் பெரியது, கொஞ்சம் உறுதியானது. ஆனால் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே பிளக்க வேண்டும். விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் 2009 அல்லது அதற்குப் பிந்தைய மாடலை எடுங்கள்.

பார்வையிடப் போகும்போது பேட்டரி செத்திருக்கும். பேட்டரி இருப்பது முன் டிக்கியில், அந்த டிக்கியோ மின்சாரத்தில்தான் திறக்கும். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்துப் பக்கவாட்டு ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கக்கூடிய பிளஸ் முனை ஒன்று இருக்கிறது. அதில் வெளிப் பேட்டரியின் பிளஸ், கதவு மாட்டும் கொக்கியில் மைனஸ். பிறகு சாவியால் திறக்கலாம். அலாரம் அலறினால் பயப்பட வேண்டாம்.

அடுத்து தண்ணீர். இந்த வண்டியைக் கெடுப்பதில் பாதி அதுதான். கூரை மடியும் இடத்தில், இரண்டு மூலையிலும் வடிகால் துளைகள். வேப்பிலையும் தூங்குமூஞ்சிப் பூவும் அடைத்தால் ஐப்பசி மழை நேராக சீட்டுக்குக் கீழே இறங்கும். சாவியை அடையாளம் கண்டு எஞ்சினை ஓடவிடும் இம்மொபிலைசர் பெட்டி உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. கூரையைப் பாதி திறந்து, ஒவ்வொரு துளையிலும் அரை லிட்டர் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியேறாவிட்டால் அடைப்பு. நைலான் நரம்பால் குத்தலாம். ஏர் அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ல் கரை கடந்தபோது இங்கே பெய்த மழை நினைவிருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மண்கோடு இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது என்று அர்த்தம், கிளம்பிவிடுங்கள்.

கூரை 12 விநாடியில் திறக்க வேண்டும், எஞ்சின் ஓடும்போது சோதிக்கவும். நடுவில் நின்றால் மோட்டாரோ கேபிளோ போயிருக்கலாம். துணியில் மடிப்பு படும் இடத்தை விரலால் தடவுங்கள், தேய்ந்திருந்தால் தெரியும்.

முன் பம்பரின் இரு ஓரத்து வாய்களுக்குள் டார்ச் அடியுங்கள். ஏசி கண்டென்சர் முன்னால், ரேடியேட்டர் பின்னால். நடுவில் சருகு சேர்ந்து ஈரம் பிடித்தால், உப்பும் சேர்ந்து அலுமினியத் தகடுகளை அரிக்கும். வெள்ளைப் பொடி தெரியும். பம்பரைக் கழற்றி இதைச் சுத்தம் செய்த பில் இருந்தால் அந்த ஓனரை நம்பலாம்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். 'முன்னாடியே சூடாக்கி வைக்காதீங்க' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிலிண்டர்கள் படுத்திருக்கும் எஞ்சின் என்பதால் முதல் நொடியில் கொஞ்சம் நீலப் புகை வரும், பரவாயில்லை. தொடர்ந்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் மட்டும் டிக் டிக் சத்தம், புகைக்குழாயில் கரி, ஆயில் குறைவது மூன்றும் சேர்ந்தால் சிலிண்டர் சுவர் கீறியிருக்கும். 2007–2008-ன் 3.4 லிட்டரில் இது அதிகம். ஸ்பார்க் பிளக் துளை வழியே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் ஃபில்டரை அறுத்து விரித்தால் உலோகத் துகள் மின்னும்.

டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 1417 என்றால் 2017-ன் 14-வது வாரம். கோடு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரில் வேகம் போகக் கூடாது.

ஆர்சி 15 ஆண்டு செல்லும். 2008-ல் பதிவான வண்டிக்கு 2023-லேயே முடிந்திருக்கும். புதுப்பிக்க படிவம் 25. கடன் வண்டியானால், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35 கையில் வராமல் பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்ற படிவம் 29, 30. கடலூரில் வைத்து ஓட்டப்போகிறவர்கள் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு வரியும் கட்டி, கடலூர்ப் பதிவான டிஎன்-31 எண் எடுக்க வேண்டும். அந்தத் தொகையை ஏலம் கேட்கும் முன்பே கழித்துக்கொள்ளுங்கள். ஆர்சியோ இன்சூரன்ஸோ நடப்பில் இல்லாத வண்டியை ஓட்டி வராமல், தட்டையான லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.