காரைக்காலுக்குப் போகும் கருவாட்டுப் பார்சல்: ஆன்லைன் வருமானத்தில் தவிர்க்க வேண்டிய வரித் தவறுகள்

பாம்பனில் இன்ஸ்டாகிராம் வழியாக நெத்திலிக் கருவாடு விற்கும் அக்கா, கடலுக்குப் போவதை வீடியோ எடுத்து யூடியூபில் போடும் தங்கச்சிமடத்துத் தம்பி, கீழக்கரையில் வீட்டில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்துகொடுக்கும் பையன் என்று நம் கரையோரத்தில் ஆன்லைனில் சம்பாதிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். யாரிடம் வரியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான்: “பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு சொல்லிட்டாங்களே!”

சொன்னது உண்மைதான். 2025-26 நிதியாண்டிலிருந்து, புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரி வராது. ஆனால் அது தள்ளுபடி. அடிப்படை வரம்பு 4 லட்சம்தான். வருமானம் அதைத் தாண்டினாலே ரிட்டர்ன், அதாவது வருமானக் கணக்கு தாக்கல் செய்து, தள்ளுபடியைக் கழித்து, வரி பூஜ்யம் என்று காட்ட வேண்டும். தாண்டாவிட்டாலும் சிலர் தப்ப முடியாது. தொழில்முறைச் சேவைக்கு வாங்கிய மொத்தக் கட்டணம் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் போனாலோ, டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே பிடித்து அரசுக்குக் கட்டிவிடும் வரி, 25,000 ரூபாயைத் தொட்டாலோ ரிட்டர்ன் கட்டாயம்.

இந்த டிடிஎஸ் விஷயத்தில் நஷ்டப்படுவது நம் பிள்ளைகள்தான். கீழக்கரைப் பையன் ஆண்டுக்கு 6 லட்சம் பில் போடுகிறான், கம்பெனி 10% பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அரசிடம் அவன் பெயரில் 60,000 ரூபாய் கிடக்கிறது. ஐடி வேலை செய்பவர்கள் வாங்கிய கட்டணத்தில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்று சட்டமே சொல்கிறது. ஆடிட்டர்கள் 44ஏடிஏ என்பது இதைத்தான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டத்தில் இது 58-ஆம் பிரிவு. ஆக அவன் வருமானம் 3 லட்சம், வரி பூஜ்யம், பிடித்த பணம் முழுவதும் திரும்ப வர வேண்டியது. ஆனால் நிதியாண்டு முடிந்து வரும் டிசம்பர் 31-க்குள் ரிட்டர்ன் போடாவிட்டால் ரீஃபண்ட் வாங்குவது பெரும்பாடு. பிறகு போடும் அப்டேட்டட் ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

நெட் சென்டரில் போய் “ரிட்டர்ன் போடணும்” என்றால், சம்பளக்காரர்களுக்குப் போட்டுப் பழகிய ஐடிஆர்-1 படிவத்தையே நிரப்பிவிடுவதும் உண்டு. சுயதொழில் வருமானம் அதில் வரவே கூடாது. ஐடிஆர்-4 அல்லது ஐடிஆர்-3 போட வேண்டும்.

“கடல் தொழிலும் விவசாயம் மாதிரிதானே, அதுக்கேது வரி?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். விவசாய வருமானத்துக்கு விலக்கு உண்டு. மீன்பிடிப்பு அதில் சேராது. கருவாட்டு வியாபாரம் சுத்தமாகச் சேராது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். வருமான வரி பார்ப்பது லாபத்தை. ஜிஎஸ்டி பார்ப்பது விற்பனையை. பாம்பன் அக்கா ஆண்டுக்கு 10 லட்சத்துக்குக் கருவாடு விற்கிறார், பணம் எல்லாம் ஜிபேயில் வருகிறது என்றால், சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி முறையில் குறைந்தபட்சம் 6% அதாவது 60,000 ரூபாயை லாபமாகக் காட்டலாம். உண்மை லாபம் கூடுதல் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். அப்படியும் 4 லட்சத்தை எட்டுவது அபூர்வம். வருமான வரி அவர் வீட்டுப் பக்கமே வராது. ஆனால் அவர் பயப்படுவது அதற்குத்தான். ஜிஎஸ்டியைக் கேட்டால், “அது 40 லட்சத்துக்கு மேலதானே” என்பார்.

40 லட்சம் என்பது தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவருக்கான வரம்பு. வரி உள்ள பொருள் ஒன்றை மாநிலம் தாண்டி விற்றால், முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கருவாட்டை வாடிக்கையாளர் கண்ணெதிரே அள்ளி எடைபோட்டுக் கொடுத்தால் வரி இல்லை. முன்கூட்டியே கால் கிலோ, அரைக் கிலோ என்று பாக்கெட் கட்டி லேபிள் ஒட்டினால் 5%. ஆன்லைனில் விற்பவர் எல்லோரும் செய்வது இரண்டாவது வகைதான். பெங்களூருக்கு ஒரு பார்சல் அனுப்பினால் கதை முடிந்தது. பெங்களூராவது வெளி மாநிலம் என்று தெரியும். காரைக்கால்? இதே கரையில் வடக்கே இருக்கிற தமிழ் ஊர், அங்கே சொந்தபந்தம் வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், வரிக் கணக்கில் வேறு மாநிலம்.

சேவைக்கு இந்த விதி இல்லை. கீழக்கரைப் பையன் மும்பைக்கு வெப்சைட் செய்துகொடுத்தாலும் மொத்த வரவு 20 லட்சம் தாண்டும் வரை பதிவு வேண்டாம்.

சரி, பதிவு செய்யலாம் என்று கிளம்புகிறவர் அடுத்து சறுக்குவது காம்போசிஷன் திட்டத்தில். விற்பனையில் 1% கட்டினால் போதும், சுலபம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தத் திட்டத்தில் இருப்பவர் வெளி மாநிலத்துக்கு விற்கவே கூடாது. பெங்களூர் பார்சலுக்காகப் பதிவு எடுத்துவிட்டு காம்போசிஷனில் சேர்வதில் அர்த்தமே இல்லை.

இன்னொன்று, பதிவு எடுத்த பிறகு விற்பனை இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, கருவாடு காயாது. “வியாபாரமே இல்லையே, என்னத்தைக் கணக்குக் காட்ட?” என்று விட்டால், தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும், கடைசியில் பதிவே ரத்தாகும். விற்பனை இல்லாவிட்டால் நில் ரிட்டர்னை எஸ்எம்எஸ்ஸிலேயே அனுப்பலாம்.

வரும் பணத்தை அம்மா கணக்கில் போடச் சொல்வது அடுத்த பழக்கம். தன் பெயரில் வரவு தெரியாது, மாட்டிக்கொள்ள மாட்டோம் என்ற நினைப்பு. சம்பாதித்தவர் யாரோ, வருமானம் அவருடையது. கணக்கை மாற்றுவதால் அது மாறாது. தவிர, வங்கித் தகவல்கள் அம்மாவின் பான் எண்ணில் ஏறும். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆயிரத்தைக் காப்பாற்ற நினைத்து, அம்மா கணக்கிலேயே லட்சங்களை ஓடவிடுவதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை. துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) கணக்குக்கு வாங்கிக்கொள்வதும் இதே ரகம்தான். இந்தியாவில் குடியிருப்பவருக்கு உலகில் எங்கே வந்த வருமானமும் இங்கே கணக்கில் வரும்.

ரொக்கமாக வாங்கினால் தப்பலாம் என்றும் யோசிக்க வேண்டாம். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளைப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது பெங்களூரில் பலர் க்யூஆர் அட்டையைக் கழற்றினார்கள். ஆனால் ரொக்கத்துக்கு லாபமாகக் காட்ட வேண்டியது 8%. யுபிஐக்கு 6%.

தங்கச்சிமடத்துத் தம்பிக்குத் தனியாக ஒன்று. யூடியூப் விளம்பரப் பணத்தைத் தரும் கூகுளின் ஆட்சென்ஸில் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தை ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள். மாதம் 1,000 டாலர் வருகிறது, அதில் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்தது 100 டாலர் என்றால், இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகை கேட்டுப் படிவம் கொடுத்தவருக்கு 15 டாலர்தான் பிடிப்பார்கள். கொடுக்காதவருக்கு மொத்த வரவில் 24% வரை, அதாவது 240 டாலர் போகலாம். பிடித்த அந்த வரியை இங்கே கழித்துக்கொள்ள விரும்பினால் ஐடிஆர்-4 உதவாது, ஐடிஆர்-3 தான். கம்பெனிகள் இலவசமாகத் தரும் போனும் வருமானம்தான். ஒரே கம்பெனி ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் பொருள் கொடுத்தால் அதற்கும் 10% டிடிஎஸ் உண்டு.

உத்யம் பதிவைப் பற்றிக் கடைசியாக. அது சிறுதொழில் என்பதற்கான சான்று. கடன், மானியத்துக்கு உதவும். அது கையில் இருந்தால் வரிப் பதிவு முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆதார், பான் இருந்தால் அரசு தளத்தில் இலவசமாகவே கிடைக்கும், புதுப்பிக்கவும் வேண்டாம். கூகுளில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே தோற்றமளிக்கும் தனியார் பக்கங்கள் வந்து கட்டணம் கேட்கும். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். ஜிஎஸ்டி பதிவுக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. வீடு அப்பா பெயரில் இருந்தால் கரண்ட் பில்லும் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.