மார்பு எக்ஸ்ரேயில் பொசிஷன்: பாதத்திலிருந்து தொடங்குங்கள்

மார்பு படத்தில் நோயாளியின் உடல் ஒரு பக்கம் திரும்பி விழுந்தால் புதியவர்கள் அவர் தோளைப் பிடித்துத் திருத்துவார்கள். கையை எடுத்ததும் அது பழைய நிலைக்கே போய்விடும். கோளாறு பெரும்பாலும் கீழே இருக்கிறது: ஒரு கால் முன்னே போனால் இடுப்பு திரும்பும், அதோடு மார்பும் திரும்பும். இரு பாதங்களையும் சற்று அகட்டி, சமமாக ஊன்றி நிற்க வையுங்கள்.

அதற்கும் முன், நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்; நீங்கள் சொன்னால் காது கேளாதவரும் தலையாட்டுவார். கர்ப்பமா என்று கேட்காமல் விடாதீர்கள். சங்கிலி, ஊக்கு கழற்றியாக வேண்டும். பின்னலை உச்சியில் தூக்கி முடியுங்கள். அது நுரையீரல் உச்சியில் விழுந்தால் நோய்த் திட்டு போலவே தெரியும்.

பிஏ (கதிர் முதுகிலிருந்து மார்புக்குப் போகும்) படத்துக்கு எக்ஸ்ரே டியூப் 180 செ.மீ. தள்ளி. டிடெக்டரின் (படம் பதியும் பலகை) மேல்விளிம்பு தோளுக்கு மேல் சுமார் 5 செ.மீ., முகவாய் நிமிர்ந்து அதன்மேல். தோள்பட்டை எலும்பின் கீழ்முனையைத் தொட்டுப் பார்த்து மையத்தை (7ஆம் மார்பு முள்ளெலும்பு) இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். முழங்கையை முன்னே தள்ளியபின் அந்த எலும்பு நகர்ந்துவிடும். பிறகு புறங்கைகள் இடுப்பில், முழங்கைகள் முன்னே. அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும்.

மூச்சை இழுத்து விடச் சொல்லி, இரண்டாவது இழுப்பில் பிடிக்கச் சொல்லுங்கள். அதுதான் ஆழமாக வரும். பலர் மூச்சோடு தோளையும் தூக்குவார்கள், கவனியுங்கள்.

படத்தில் காறை எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்பின் முள்நீட்சியிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். உதரவிதானத்துக்கு மேல் பின்விலா 10 எண்ண வேண்டும். குறைந்தால் இதயம் பெரிதாகத் தெரியும், அடிப்பகுதி நெரிசலை நிமோனியா என்று படிக்க இடம் உண்டு.

பக்க மார்க்கரை (இடம், வலம் காட்டும் எழுத்து) எக்ஸ்போஷருக்கு, அதாவது கதிரைச் செலுத்துவதற்கு, முன்பே வையுங்கள். கணினியில் பிறகு ஒட்டும் எழுத்தை நான் நம்பச் சொல்லமாட்டேன்.

மார்பைத் தவிர வேறு இரண்டு படங்கள்: முழங்கால் பக்கவாட்டுப் படத்துக்கு மடிப்பு 20 முதல் 30 பாகை போதும், டியூப் 5 முதல் 7 பாகை தலைப்பக்கம் சாயட்டும். இடுப்பு ஏபி (கதிர் முன்னிருந்து பின்னுக்குப் போகும்) படத்தில் பாதங்களை 15 முதல் 20 பாகை உள்நோக்கித் திருப்பினால் தொடையெலும்பின் கழுத்து முழு நீளத்தில் தெரியும். ஆனால் விழுந்து வந்தவரின் கால் குட்டையாகி வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் தொடவே வேண்டாம். முறிவு இருக்கலாம், கிடந்தபடியே எடுங்கள்.