ஸ்மார்ட் சாமான் வாங்குகிறவர்கள் பெங்களூரில் செய்யும் தவறுகள்

அல்சூரில் அத்தை வீடு மூன்றாவது மாடி. போன செப்டம்பரில் ஒரு மழை ராத்திரி, எட்டரை மணி இருக்கும், போன் வந்தது. "கதவு திறக்க மாட்டேங்குதுப்பா. விரல வெச்சா ஒரு சத்தமும் இல்ல." கடைக்குப் போய்விட்டு வந்தவர், காய்கறிப் பையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். மாமா கோயம்புத்தூரில். அந்த ஸ்மார்ட் பூட்டை வாங்கி மாட்டிய மகன் அமெரிக்காவில், சியாட்டிலில்.

பேட்டரி தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். இந்த மாதிரிப் பூட்டுகள் பலவற்றில் வெளிப்பக்கம், கைப்பிடிக்குக் கீழே, சின்னதாக இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். வயர்லெஸ் மைக்கில் போடுகிற சதுர 9 வோல்ட் பேட்டரியை அதில் அழுத்திப் பிடித்தால் பூட்டுக்குத் தற்காலிகமாக உயிர் வரும். (சில புது மாடல்களில் அந்த இடத்தில் டைப்-சி துளை இருக்கிறது. பவர் பேங்க் போதும்.) மூன்று கடை ஏறி இறங்கி ஒரு பேட்டரி பிடித்துக்கொண்டு போனேன். பூட்டு விழித்துக்கொண்டது. ஆனால் அத்தையின் விரலை ஏற்கவில்லை. நாற்பது வருஷம் பாத்திரம் தேய்த்த விரல், ரேகை மழுங்கிவிட்டது. ரேஷன் கடை மெஷினிலும் அவருக்கு இதே பாடுதான். மற்ற நாளில் நாலு தடவை வைத்தால் ஒரு தடவை ஏற்கும். மழை ஈரத்தில் அதுவும் இல்லை. சரி, பின் நம்பர்? மகனுக்குத்தான் தெரியும். அங்கே காலை நேரம், நல்லவேளை எழுந்திருந்தான். அவன் சொன்ன ஆறு இலக்கத்தை அழுத்தினேன், திறந்தது. மாற்றுச் சாவி என்று ஒன்று பூட்டோடு வந்ததே என்று கேட்டேன். இருந்தது. உள்ளே, பீரோவில்.

நான் சாப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவன். ஒரு பொருள் எப்படியெல்லாம் படுத்துக்கொள்ளும் என்று தேடுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனாலோ என்னவோ, சொந்தக்காரர்கள் எது வாங்கினாலும் பார்சலைப் பிரித்த பிறகு என்னைக் கூப்பிடுகிறார்கள். கடையில் "இது என்னென்ன செய்யும்?" என்று எல்லாரும் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். "எப்போது செய்யாது?" என்று கேட்டவரை இதுவரை நான் பார்க்கவில்லை. கீழே வருகிற தவறுகளில் முக்கால்வாசி அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

பூட்டை முடித்துவிடுகிறேன். அத்தை வீட்டுப் பூட்டு இரண்டு வாரமாகப் பீப் பீப் என்று எச்சரித்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் போன் என்று நினைத்திருக்கிறார். உள்ளே போட்டிருந்தது ரிமோட்டுக்குப் போடுகிற மலிவு செல். பெரும்பாலான பூட்டுகள் ஆல்கலைன் பேட்டரிதான் கேட்கும், ரீசார்ஜ் செய்கிற செல்லையும் வேண்டாம் என்றே சொல்லும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் உள்ளே வர இரண்டு வழியாவது தெரிந்திருக்கட்டும். மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஸ்கூட்டர் டிக்கியில். வாடகை வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: இந்தப் பூட்டுக்குக் கதவில் பெரிய ஓட்டை போட வேண்டும். இந்த ஊரில் கொடுத்து வைத்திருக்கிற அட்வான்ஸை நினைத்துக்கொண்டு, ஓனரிடம் எழுத்தில் ஒரு "சரி" வாங்கிய பிறகு துளை போடுங்கள்.

கரண்ட் போகிற ஊர்

புதுக் கருவிகளை வடிவமைக்கிறவர்கள் கரண்ட் எப்போதும் இருக்கும் என்று நம்புகிறவர்கள். பெங்களூருக்குக் கரண்ட் தருகிற பெஸ்காம் அப்படி யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

ஹெச்.ஏ.எல். பக்கம் ஒரு நண்பர் வீடு முழுக்க ஸ்மார்ட் பல்பு மாட்டினார். ஒரு ராத்திரி கரண்ட் போய், இரண்டு மணிக்குத் திரும்பி வந்தது. வந்ததும் ஹால், படுக்கையறை, குழந்தை அறை எல்லாம் ஒரே நேரத்தில் பளீர் என்று எரிந்தன. குழந்தை அலறி எழுந்துவிட்டது. பல்புக்குத் தெரிந்ததெல்லாம் "எனக்குக் கரண்ட் வந்தது, எரிய வேண்டும்" என்பதுதான். அநேகமாக எல்லா ஆப்பிலும் கரண்ட் திரும்பும்போது பழைய நிலையிலேயே இருக்கச் சொல்ல ஒரு செட்டிங் இருக்கிறது. மாட்டின அன்றே அதை மாற்றிவிடுங்கள்.

அதே வீட்டில் இன்னொரு பிரச்சினை பாட்டி. விளக்கைச் சுவரில் அணைத்துப் பழகியவர். சுவிட்சை அணைத்தால் பல்புக்குக் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் பல்பு. ஆப் எவ்வளவு தட்டினாலும் எரியாது. பாட்டியைத் திருத்துவதைவிட சுவிட்சை மாற்றுவது சுலபம். பலர் புழங்கும் வீட்டுக்கு ஸ்மார்ட் பல்பைவிட ஸ்மார்ட் சுவிட்ச்தான் பொருத்தம். சுவரிலும் அழுத்தலாம், போனிலும் அழுத்தலாம்.

ஆனால் அதை ஆர்டர் போடும் முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு போர்டைத் திறந்து பாருங்கள். சாதாரண சுவிட்சுக்குக் கரண்ட் வருகிற பேஸ் கம்பி மட்டும் போதும். பல ஸ்மார்ட் சுவிட்சுகளுக்குக் கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியும் வேண்டும். பழைய வீடுகளில் பிளக் பாயிண்ட் இருக்கிற போர்டில் நியூட்ரல் இருக்கும், வெறும் சுவிட்ச் போர்டில் பெரும்பாலும் இருக்காது. இது தெரியாமல் பன்னிரண்டு சுவிட்ச் வாங்கி, அதில் ஏழைத் திருப்பி அனுப்பியவரை எனக்குத் தெரியும். (கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.)

கீசர் விஷயம் இதையெல்லாம் விட ஆபத்தானது. காலையில் எழும்போது வெந்நீர் தயாராக இருக்க வேண்டும் என்று கீசரை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டுகிறார்கள். பெங்களூர் டிசம்பருக்கு நல்ல ஆசைதான். ஆனால் கடைகளில் 10 ஆம்பியர் பிளக்கும் கிடைக்கிறது, 16 ஆம்பியரும் கிடைக்கிறது. 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். அதை 10 ஆம்பியர் பிளக்கில் போட்டால் சூடேறி உருகும், தீப்பிடிக்கவும் கூடும். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர்தானே என்று கணக்குப் போட்டாலும் நான் 16 ஆம்பியர் பிளக்கைத்தான் வாங்குவேன். அதையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாமல் நேராகச் சுவர் பாயிண்டில் மாட்டுங்கள்.

இன்னொன்று, இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டிலும் ரவுட்டர் மாட்டியிருக்கிற பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இல்லாமல் இருப்பது சகஜம். விளக்கு எரிகிறது, நெட் இல்லை, கேமரா குருடு. ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. இந்தப் பட்டியலில் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்கிற ஒரே பொருள் அதுதான்.

கனெக்ட் ஆகவில்லை என்றால்

எனக்கு வருகிற போன்களில் பாதி இதற்குத்தான். "பொருள் டூப்ளிகேட் போல இருக்கு, கனெக்டே ஆகல." பொருள் நல்ல பொருள்தான். மலிவான பல்பு, பிளக், கேமரா எல்லாம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் அறியும். புது ரவுட்டர்கள் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் கலந்து தருகின்றன. உங்கள் போன் 5-இல் போய் உட்கார்ந்துகொள்கிறது, பல்பு அதைத் தேடித் தவிக்கிறது. ரவுட்டர் செட்டிங்கில் 5-ஐப் பத்து நிமிஷம் அணைத்துவிட்டு இணையுங்கள். அதைவிட நல்லது, கெஸ்ட் நெட்வொர்க் என்று 2.4-இல் மட்டும் தனியாக ஒன்று வைத்து வீட்டுச் சாமான்களை எல்லாம் அதில் விடுவது. யாராவது பல்பு வழியாக நுழைந்தாலும் உங்கள் லேப்டாப் வரை வருவது கஷ்டம்.

கோலத்தைத் துடைத்த ரோபோ

பெருக்கித் துடைக்கும் ரோபோ என் அம்மாவுக்கு மூன்று நாள் பிடித்திருந்தது. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. பூஜை அறையில் அரிசி மாவில் இழைக்கோலம் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். ரோபோவுக்கு அது தரையில் சிந்திய மாவு. திரும்பி வந்தபோது கோலமும் இல்லை, அம்மாவுக்கு ரோபோ மேல் இருந்த பிரியமும் இல்லை. ஆப்பில் வீட்டு வரைபடத்தைத் திறந்து, பூஜை அறையைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் வரைந்தேன். அந்தக் கட்டத்துக்குள் அது நுழையாது. அப்புறம்தான் சமாதானம்.

வாங்குமுன் வாசற்படிகளை அளந்து பாருங்கள். பல ரோபோக்கள் சுமார் இரண்டு சென்டிமீட்டர் உயரம்தான் ஏறும். நம் வீடுகளில் குளியலறை, பால்கனிப் படி அதைவிட உயரம். தரையில் கிடக்கிற சார்ஜர் வயரையும் துண்டையும் அது தின்னும். அவற்றையெல்லாம் எடுத்து வைக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் பெரும்பாலும் அம்மாதான்.

கையில் கட்டிய டாக்டர்

இதில் விளையாடக் கூடாது. சில வாட்ச்களில் ஈ.சி.ஜி. எடுக்கலாம். அது ஒற்றைக் கோணத்தில் எடுப்பது. துடிப்பு தாறுமாறாக இருந்தால் கண்டுபிடிக்க உதவும். மாரடைப்பை அதனால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆஸ்பத்திரியில் எடுக்கிற பன்னிரண்டு கோண ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். நெஞ்சு வலிக்கிறபோது "வாட்ச் நார்மல்னு காட்டுது" என்று ஒருவர் படுத்துக்கொண்டால் அந்த வாட்ச் இல்லாமலே இருந்திருக்கலாம். ஆக்ஸிஜன் அளவைத் தோல் வழியாக வெளிச்சம் பாய்ச்சித்தான் அளக்கிறார்கள், கருத்த தோலில் கணக்குப் பிசகலாம். ஊசி குத்தாமல் சர்க்கரை அளக்கும் என்று சொல்லி விற்கிற வாட்ச், மோதிரம் எதையும் நம்பாதீர்கள் என்று மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கிற அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

கம்பெனி மூடினால்

ஹியூமேன் என்ற கம்பெனி சட்டையில் குத்திக்கொள்கிற ஏ.ஐ. பின் ஒன்றை 2024 ஏப்ரலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 699 டாலர், மாதச் சந்தா தனி. போனுக்கு மாற்று இதுதான் என்று பேச்சு. 2025 பிப்ரவரியில் கம்பெனியின் பெரும்பகுதியை ஹெச்.பி. வாங்கியது, அந்த மாதம் 28-ஆம் தேதியோடு சர்வர் நின்றது. சட்டையில் மிஞ்சியது ஒரு பேட்ஜ். இது முதல் தடவையும் இல்லை. ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை நெஸ்ட் நிறுவனம் வாங்கி, 2016 மே மாதம் அப்படியே அணைத்தது.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது: நெட் இல்லாமல் இது வேலை செய்யுமா? 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற பொது விதிமுறையை ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாம் ஏற்றிருக்கின்றன. அந்த முத்திரை உள்ள பல்புக்கும் சுவிட்சுக்கும் கட்டளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போய்ச் சேரும், வேறு நாட்டு சர்வர் வரை போய்வரத் தேவையில்லை. கேமரா வாங்கினால் மெமரி கார்டு போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு வாசலை நீங்களே பார்க்க மாதாமாதம் கப்பம் கட்ட வேண்டி வரும்.

யார் பார்க்கிறார்கள்

2016-இல் மிராய் என்ற நச்சு மென்பொருள் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதன் கையில் இருந்தது, பொருளோடு வருகிற பாஸ்வேர்டுகளின் பட்டியல், 60 சொச்சம் வரிகள். யாரும் மாற்றியிருக்கவில்லை, அவ்வளவுதான். இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். பழைய ஸ்டாக்கை மலிவாகத் தள்ளிவிடுகிறவர்களிடம் ஜாக்கிரதை. கேமரா உங்கள் வாசலைப் பார்க்கட்டும், எதிர் வீட்டு ஹாலை வேண்டாம். அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டைக்கு ஏற்கெனவே பார்க்கிங் இருக்கிறது.

கேமரா இல்லாத டி.வி.யும் பார்க்கும். திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு விளம்பரக்காரர்களுக்குச் சொல்லும் வசதி பல டி.வி.களில் உண்டு. சொல்லாமல் அப்படிச் செய்ததற்காக விஸியோ என்ற டி.வி. கம்பெனி 2017-இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. செட்டிங்கில் பிரைவசி என்ற இடத்தில் அது இருக்கும், அணைத்துவிடலாம்.

விற்கும்போது

இதை எல்லாரும் மறக்கிறோம். போனை அழித்துவிட்டுக் கொடுக்கிறோம். பல்பு, கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் "சாமான்" கணக்கில் போய்விடுகிறது. உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதுசாக்கும் பேக்டரி ரீசெட் செய்த பிறகு, உங்கள் ஆப்பிலிருந்தும் அதை நீக்குங்கள். இரண்டும் வேண்டும்.

போன வருஷம் ஸ்மார்ட் டிஸ்ப்ளே ஒன்றை, சமையலறையில் வைத்துக்கொள்ளலாம் என்று, ஜீவன் பீமா நகரில் ஒரு பெரியவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வீட்டு வைஃபையில் இணைத்துவிட்டு டீ போடத் திரும்பினேன். திரையில் படம் ஓட ஆரம்பித்தது. ஒரு காதுகுத்து. மாமா மடியில் குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது, பின்னால் வாழை மரம், தாம்பாளத்தில் வெல்லம். அடுத்தது ஏதோ கல்யாணம். பெரியவரின் அக்கவுண்ட் அப்படியே இருந்தது. போன் போட்டுச் சொன்னேன், சார், உங்க வீட்டுப் போட்டோ எல்லாம் இங்க ஓடுது, ரீசெட் பண்ணிடறேன் என்று.

"அவசரப்படாதீங்க தம்பி," என்றார். "அந்தக் காதுகுத்துப் படம் எங்க தேடியும் கிடைக்கல. அது மறுபடி வரும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, அப்புறம் அழிச்சுடுங்க."