சனிக்கிழமை ராத்திரி கார் ஓட்ட ஆசைப்படும் தம்பிக்கு

போன மாதம் ஒரு தம்பி கேட்டான். "அண்ணா, எனக்கும் ஸ்டாக் கார் ஓட்டணும். முதல்ல என்ன கார் வாங்கட்டும்?" ஸ்டாக் கார் என்றால் சாதாரணக் கார் போன்ற உருவத்தில், பெரும்பாலும் வட்டமான டிராக்கில் ஓடும் அமெரிக்கப் பந்தயக் கார். அவனிடம் சொன்ன பதிலையே இங்கே விரிவாக எழுதுகிறேன். முதலில் காரே வாங்காதே.

நான் கரூர்க்காரன். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். இப்போது வட கரோலினாவின் ஷார்லட்டில் மென்பொருள் வேலை. ஒன்பது வருஷமாக, சீசன் நாட்களில் என் சனிக்கிழமை ராத்திரிகள் ஹிக்கரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான் கழிகின்றன. 1951இல் திறந்த டிராக் அது. ஒரு சுற்று 0.363 மைல், அதாவது 600 மீட்டர்கூட இல்லை. டிவியில் பார்க்கும் டேட்டோனா இரண்டரை மைல். இரண்டும் ஸ்டாக் கார்தான், ஆனால் வேறு வேறு உலகம்.

முதல் சீசன் முழுக்க வேறு ஒருவரின் காருக்கு வேலை செய்யுங்கள். டிக்கெட் வாங்கி கேலரியில் உட்காராமல், டீம்கள் காரைச் சரிசெய்யும் இடமான பிட்டுக்குப் பாஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள். அப்பா, மகன், ஒரு மச்சான் என்று மூன்று பேராக வந்திருக்கும் டீம் நிறைய இருக்கும். அவர்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். "டயர் உருட்டட்டுமா?" என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. எனக்குக் கிடைத்தவர் எழுபது வயதுப் பெரியவர். முதல் மூன்று மாதம் அளவு டேப்பையும் காற்றழுத்த மீட்டரையும் தவிர எதையும் அவர் என் கையில் கொடுக்கவில்லை. நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த மூன்று மாதத்தில் வந்ததுதான்.

காரணம் சொல்கிறேன். எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாது, வாய் அகலம், அடி குறுகல் என்பதால் அடிப்பக்கமாகத் திரும்பி வட்டமடிக்கும். நம் கார் இடது பக்கம் மட்டுமே திரும்புகிறது. பின் அச்சில் இரண்டு சக்கரமும் பூட்டியதுபோல் ஒன்றாகச் சுற்றும். அதனால் வலது பின் டயரின் சுற்றளவு இடதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். இதற்கு ஸ்டாகர் என்று பெயர். எங்கள் காரில் அது இரண்டு அங்குலத்துக்கு உள்ளேதான் இருக்கும். கால் அங்குலம் மாறினாலே வளைவின் நடுவில் கார் வேறு காராகிவிடும். காற்று ஏற்றினால் சுற்றளவும் மாறும் என்பதால், அழுத்தத்தைத் தொட்டால் டேப்பையும் கையில் எடுக்க வேண்டும்.

அடுத்தது சூடு. கார் பிட்டுக்குள் வந்த உடனே ஊசி முனையுள்ள பைரோமீட்டரை (சூடு அளக்கும் கருவி) டயரில் குத்தி உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் அளப்போம். நடு அதிகமாகச் சுட்டால் காற்று கூடுதல், நடு குறைவாக இருந்தால் காற்று போதாது. வலது முன் டயரின் உள் ஓரம் மட்டும் கொதித்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, அதிகம். ஓட்டுநர் "கார் டைட்டா இருக்கு", அதாவது மூக்கு திரும்ப மாட்டேன் என்கிறது என்பார். சில சமயம் டயர் வேறு கதை சொல்லும். பெரியவர் டயர் சொல்வதைத்தான் கேட்பார். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் சூடு ஆறி எண்கள் பொய்யாகிவிடும், அதனால் ஓடிப்போய் அளக்க வேண்டும்.

சரி, இப்போது கார். என் முதல் ஸ்ட்ரீட் ஸ்டாக்கை (தெருவில் ஓடிய காரைப் பந்தயத்துக்கு மாற்றியது) பெயிண்டைப் பார்த்து வாங்கினேன், பளபளவென்று இருந்தது. எவ்வளவு சரிசெய்தாலும் வலது வளைவே இல்லாத டிராக்கில் வலது பக்கமாகவே இழுத்தது. பாதி சீசன் போன பிறகு அப்பாவுக்கு வீடியோ காலில் காரைக் காட்டினேன். "பெயிண்ட்டை விடுடா, வெல்டைக் காட்டு" என்றார். போனை ஃபிரேமுக்கு அடியில் பிடித்தேன். வலது முன் பக்கம் ஓர் இடத்தைப் பார்த்து, "இங்க ஒட்டுப் போட்டிருக்கான். மூலைக்கு மூலை கயிறு பிடி" என்றார். பஸ் சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று பார்க்கக் கரூரில் செய்வது இதுதான். பிடித்தேன். ஒரு மூலைவிட்டம் இன்னொன்றைவிட முக்கால் அங்குலம் நீளம். எங்கோ சுவரில் மோதி வளைந்த ஃபிரேம் அது. ஆகவே பழைய கார் பார்க்கப் போகும்போது ஒரு கயிறும் டார்ச்சும் கொண்டுபோங்கள். முடிந்தால் நான்கு தராசையும் இரவல் வாங்கி, நாலு சக்கரத்திலும் எடை பாருங்கள்.

எந்த வகுப்பு? சிறுவர்களுக்கு பாண்டலேரோ, பிறகு லெஜண்ட்ஸ் கார், இரண்டும் சின்னப் பந்தயக் கார்கள். பெரியவர்களுக்கு ஸ்ட்ரீட் ஸ்டாக், அல்லது லிமிடெட் லேட் மாடல். லேட் மாடல் என்பது பந்தயத்துக்கென்றே கட்டிய ஸ்டாக் கார். பல டிராக்குகளில் லிமிடெட் வகுப்பில் ஓடுவது ஜிஎம் 602 கிரேட் என்ஜின், அதாவது தொழிற்சாலையிலிருந்து முழுதாகப் பெட்டியில் வரும் என்ஜின். 350 குதிரைசக்தி, சீல் வைத்த போல்ட்டுகளோடு வரும், பிரிக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே என்ஜின் என்பதால் செலவு கட்டுக்குள் நிற்கும். டிராக்குக்கு டிராக் விதி மாறும், விதிப்புத்தகத்தைப் படித்த பிறகே பணத்தை எடுங்கள்.

பாதுகாப்பு உபகரணங்களை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். 2001 பிப்ரவரி 18 அன்று டேட்டோனாவின் கடைசிச் சுற்றில் மோதி, பெரிய ஸ்டாக் கார் நட்சத்திரமான டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். அந்த வருஷமே கழுத்தைத் தாங்கும் கருவியை, ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்கார் தன் பெரிய பந்தயங்களில் கட்டாயமாக்கியது. உங்கள் டிராக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஹான்ஸ் என்னும் அந்தக் கழுத்துத் தாங்கியைப் போடுங்கள். சீட் பெல்ட்டில் தேதி அச்சிட்டிருக்கும், காலாவதியானதைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே பாலியெஸ்டர் பனியன் வேண்டாம், சூட்டில் உருகித் தோலில் ஒட்டும்.

முதல் வருஷம் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். எல்லாச் சுற்றையும் முடிப்பதே இலக்கு. புதியவர்கள் வளைவுக்குள் தாமதமாகப் பிரேக் பிடித்து, ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்து, ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். பின் டயர் பத்தே சுற்றில் செத்துவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சீக்கிரம் எடுங்கள், காரை உருளவிடுங்கள், ஸ்டியரிங் நேராகும்போது மெதுவாக மிதியுங்கள். ராத்திரி வீட்டுக்குப் போனதும் அழுத்தம், ஸ்டாகர், சூடு எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள்.

பணம். எனக்கு முதலில் கைகொடுத்தவர் இங்கே ஷார்லட்டில் நம்மூர் மளிகைக்கடை நடத்தும் அக்கா. கதவில் கடைப் பெயர் எழுதித் தருகிறேன் என்றேன். "அது இருக்கட்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரைக் கடை வாசல்ல நிறுத்து. பிள்ளைங்க ஏறி உட்காரட்டும்" என்றார். அன்றைக்கு நாற்பது குழந்தைகளாவது ஜன்னல் வழியாக ஏறி இறங்கியிருப்பார்கள். ஸ்பான்சருக்கு நாம் தரக்கூடியது அந்தக் கூட்டம்தான்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் கவனியுங்கள். அந்த விசா, அதை எடுத்துத் தந்த முதலாளியிடம் மட்டுமே வேலை செய்ய அனுமதிக்கிறது. பரிசுப் பணத்தைத் தொடும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆயுள் காப்பீட்டில் மோட்டார் பந்தயத்துக்கு விலக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"இதில் எவ்வளவு தூரம் போகலாம் அண்ணா?" என்றும் தம்பி கேட்டான். ஜோஷ் பெரி டென்னசியில் வங்கிக் கவுன்டரில் வேலை பார்த்தவர். ஐரேசிங் என்னும் கணினிப் பந்தய விளையாட்டில் எர்ன்ஹார்ட்டின் மகன் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரோடு பழக்கமாகி, பத்து வருஷத்துக்கு மேல் லேட் மாடல் ஓட்டினார். 2020இல், உள்ளூர் டிராக்குகளில் நடக்கும் நாஸ்கார் வாராந்திரத் தொடரின் தேசிய சாம்பியன். 2025 மார்ச்சில், 34 வயதில், லாஸ் வேகஸில் நாஸ்காரின் உச்சத் தொடரான கப் பந்தயம் ஜெயித்தார். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன்கூட 2010இல் மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்காரின் பிக்கப் டிரக் பந்தயம் ஓட்டியிருக்கிறார். ஆனால் நான் அவனுக்குச் சொன்ன பெயர் லீ புல்லியம். 2012, 2013, 2015, 2017 என்று அதே வாராந்திரத் தொடரில் நான்கு முறை தேசிய சாம்பியன், கப் பந்தயம் ஓட்டியதில்லை. வர்ஜீனியாவின் சவுத் பாஸ்டன், மார்ட்டின்ஸ்வில் பக்கம் போய் அவர் பெயரைச் சொன்னால் டீக்கடைப் பேச்சு மாதிரி ஒரு மணி நேரம் ஓடும். அதுவும் ஒரு முழு வாழ்க்கைதான். எனக்கு வேண்டியதும் அதுதான்.

தம்பி இந்தச் சனிக்கிழமை வருகிறான். மதியம் இரண்டு மணிக்குப் பிட் கேட்டில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். காட்டன் சட்டை, மூடிய ஷூ. வலது பின் டயர் அவன் பொறுப்பு.