பழைய டயரைத் தாரில் கலக்கும்போது எங்கே தவறுகிறது?

பழைய டயரைத் தூளாக்கித் தாரில் கலந்து சாலை போடுவது ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் சார்லஸ் மெக்டொனால்ட் என்ற பொறியாளர் 1960களிலேயே செய்து காட்டிவிட்டார். இந்தியாவிலும் சிஆர்எம்பி (CRMB, ரப்பர் தூள் கலந்து மேம்படுத்திய தார்) என்ற பெயரில் பல வருடமாகப் புழங்குகிறது. அப்படிப் போட்ட சாலை சீக்கிரம் பெயர்ந்தால் உடனே ரப்பரைத்தான் திட்டுகிறோம். அதற்கு முன்னால் கலவை தயாரித்த விதத்தைப் பார்ப்பது நல்லது.

கொதிக்கும் தாரில் தூளைக் கொட்டினால் கரைந்துவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. டயர் ரப்பர் கரையாது. தாரில் இருக்கும் லேசான எண்ணெய்களை உறிஞ்சி, ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி உப்பும். அதற்குச் சுமார் 175 முதல் 220 டிகிரி செல்சியஸ் சூடும், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரமும் தேவை. அவசரப்பட்டு முன்பே எடுத்து ஜல்லியில் கலந்தால், அங்கே போயும் ரப்பர் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். தார் வறண்டு ஜல்லியின் பிடிப்பு விட்டுப்போகும்.

சரி, கூடுதலாகக் காய்ச்சினால் நல்லதுதானே? இல்லை. மணிக்கணக்கில் கடும் சூட்டில் கிடந்தால் ரப்பரின் கட்டமைப்பே உடைந்து கலவை நீர்த்துவிடும். மழையால் வேலை நின்று, தயாரித்த கலவை டேங்கிலேயே கிடக்கும் நாட்களில் இதுதான் நடக்கும். கிளறியை நிறுத்திவிட்டால் இன்னொரு சிக்கல்: தாரைவிட ரப்பர் கனம், அடியில் தங்கிவிடும். அப்புறம் ஒரு லோடில் ரப்பர் அதிகம், அடுத்த லோடில் வெறும் தார். பிளாண்டிலேயே விஸ்கோமீட்டர் வைத்து அவ்வப்போது கெட்டித்தன்மையை அளந்தால் இரண்டுமே தெரிந்துவிடும்.

ஜல்லியிலும் கவனம் வேண்டும். உப்பிய ரப்பருக்கு இடம் தேவை. அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவிலும் நடுத்தர அளவு ஜல்லியைக் குறைத்து இடைவெளி விட்ட கலவையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ரப்பர் கலந்த தார் சுமார் 7 முதல் 8 சதவீதம். வழக்கமான கலவையில் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பழைய ஜல்லி விகிதத்தையே வைத்துக்கொண்டு தாரை மிச்சம் பிடித்தால் ரப்பர் கற்களைத் தள்ளி நிற்கும், தளம் இறுகாது. டயர் ரோலரும் வேண்டாம், கலவை அதில் ஒட்டிக்கொள்ளும். இரும்பு ரோலரை வைத்து, சூடு இறங்குவதற்குள் முடிக்க வேண்டும். தூளில் கம்பியும் நைலான் நூலும் இருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

டயர் குவியலைக் குறைப்பது மட்டுமே நோக்கமானாலும் காரியம் கெடும். அமெரிக்காவில் 1991இல் சாலைகளில் டயர் ரப்பரைச் சட்டம் போட்டே கட்டாயமாக்கினார்கள். பல மாநிலங்களுக்கு அனுபவம் இல்லை, செலவும் கூடியது. 1995இல் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள்.

டயர் துண்டுகளைச் சாலைக்கு அடியில் நிரப்புவது வேறு வேலை, ஆபத்தும் வேறு. 1995இல் வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு இடங்களிலும் கொலராடோவில் ஓரிடத்திலும் 8 மீட்டருக்கு மேல் நிரப்பிய டயர் துண்டுகள் உள்ளுக்குள்ளேயே கடுமையாகச் சூடேறின. அதற்குப் பிறகுதான் ஓர் அடுக்கு 3 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று அங்கே வரம்பு வைத்தார்கள்.