ஃபீட் நின்றால் பிளகினை அழிக்காதீர்கள்: ஷெயார்ட் ஹொஸ்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடிவேலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளவத்தையில் புடைவைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் அழைத்தார். "தம்பி, சைட்டில படமெல்லாம் போயிட்டுது. நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. ஒருக்கா பாருங்கோ." கூடவே வட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷொட். முகப்புப் பக்கத்தில் இன்ஸ்டாகிராம் ஃபீட், அதாவது கடையின் பதிவுகள் தாமாகவே வந்து தெரியும் பகுதி, இருக்கும் இடத்தில் ஒன்பது சாம்பல் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் உடைந்த படக்குறி. கீழே "காஞ்சிபுரம் பட்டு, புது வரவு" என்ற எழுத்து மட்டும் ஒழுங்காக இருந்தது.

அந்த எழுத்துதான் பெரிய தடயம். இன்ஸ்டாகிராமிலிருந்து தகவல் வந்திருக்கிறது, சேமிக்கப்பட்டும் இருக்கிறது. படங்களின் முகவரிகள் மட்டும் காலாவதியாகிவிட்டன. பழைய கேஷை, அதாவது வேகத்துக்காகச் சேமித்து வைத்த பிரதியை, துடைத்தால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. ஆனால் நான் லப்டொப்பைத் திறப்பதற்குள், உதவி செய்ய வந்த உறவுக்காரப் பையன் பிளகினை (ஃபீட்டைக் கொண்டுவர, தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் சேர்க்கும் துணை நிரல்) அழித்துத் திரும்பப் போட்டிருந்தான். பழைய இணைப்பு அதோடு போயிற்று. புதிதாக இணைப்பதென்றால், அந்த இன்ஸ்டாகிராம் கணக்கோடு சேர்ந்திருக்கும் பேஸ்புக் பக்கத்தின் நிர்வாகி லொகின் செய்ய வேண்டும். அந்த நிர்வாகியோ முன்பு கடையில் வேலை செய்து இப்போது டோஹாவில் இருக்கிறார். அவரைப் பிடித்து அனுமதி வாங்குவதற்குள் வேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கே வந்து சேர்ந்துவிட்டது.

நான் அதிகம் காணும் தவறு இதுதான்: எங்கே அறுந்தது என்று பார்க்காமலே அழித்துப் போடுவது. ஒரு பதிவு உங்கள் தளத்தில் தெரிய அது ஐந்து இடம் தாண்டி வர வேண்டும். சமூக ஊடகம் கொடுக்க வேண்டும். உங்கள் டோக்கன், அதாவது பதிவுகளை எடுக்க சமூக ஊடகம் தரும் அனுமதிச்சீட்டு, செல்லுபடியாக வேண்டும். ஹொஸ்டிங் சேர்வர் (உங்கள் தளம் இருக்கும் வாடகைக் கணினி) வெளியே போய் எடுத்து வர வேண்டும். கேஷ் அதைப் புதிதாக வைத்திருக்க வேண்டும். கடைசியில் பார்ப்பவருடைய பிரவுசர் விட வேண்டும். எதைத் தொடுவதற்கும் முன் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், திரையில் எழுத்தோ இலக்கமோ இருந்தால் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து இருந்து படம் இல்லையா, எல்லாமே வெறுமையா, பழைய பதிவோடு நின்றுவிட்டதா, உங்களுக்குத் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியவில்லையா? இந்த நான்கும் நான்கு வேறு நோய்கள்.

டோக்கனை யார் பெயரில் வைத்திருக்கிறீர்கள்

இன்ஸ்டாகிராமின் நீண்டகால டோக்கனுக்கு ஆயுள் 60 நாள். அதற்குள் புதுப்பித்தால் இன்னொரு 60 நாள் கிடைக்கும். தவறவிட்டால் பழையதைப் புதுப்பிக்க முடியாது, ஆரம்பத்திலிருந்து லொகின் செய்ய வேண்டும். நல்ல பிளகின்கள் இதைத் தாமாகவே செய்யும். ஆனால் அவை நம்பியிருப்பது வேர்ட்பிரஸின் உள் கிரோனை, அதாவது குறித்த வேலைகளை இடைக்கிடை ஓட்டும் பகுதியை. அது கடிகாரம் பார்த்து ஓடுவதில்லை. யாராவது தளத்துக்கு வந்தால்தான் கண் விழிக்கும். வருகை குறைந்த தளத்திலும், எல்லாப் பக்கத்தையும் கேஷிலிருந்தே கொடுத்துவிடும் தளத்திலும் அது நாட்கணக்கில் தூங்கும். "எதையுமே மாற்றவில்லை, தானாக நின்றுவிட்டது" என்று சொல்பவர்களில் பாதிப் பேருடைய பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. சீபேனலில் (ஹொஸ்டிங் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகை) கிரோன் வேலை ஒன்றை 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு தடவை ஓட வைத்து, வேர்ட்பிரஸின் உள் கிரோனை நிறுத்திவிடுங்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை வைக்கப் போனால் ஹொஸ்டிங்காரர்கள் உங்கள் கணக்கை மட்டுப்படுத்தக்கூடும்.

பேஸ்புக் கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்தக் கணக்கில் எடுத்த டோக்கன் செத்துப்போகும். அப்போது வரும் பிழை இலக்கம் 190. பாதுகாப்புக்காகக் கடவுச்சொல்லை மாற்றியது சரியான வேலை, ஃபீட்டைத் திரும்ப இணைக்க மறந்ததுதான் பிழை. இதைவிட ஆபத்து, வேலையாள் ஒருவரின் சொந்தக் கணக்கில் கடையின் முழு இணைப்பையும் தொங்கவிடுவது. பக்கத்துக்கு இரண்டு நிர்வாகிகளாவது இருக்கட்டும், அதில் ஒருவர் உரிமையாளராக இருக்கட்டும். இதைச் சொல்லும்போதெல்லாம் "பிறகு பார்ப்போம்" என்றுதான் பதில் வருகிறது. தயவுசெய்து இன்றைக்கே செய்யுங்கள்.

சிலவேளை கோளாறு உங்கள் பக்கத்தில் இருக்காது. 2020 ஒக்டோபரில் பேஸ்புக் தன் பதிவுகளை டோக்கன் இல்லாமல் வேறு தளங்களில் ஒட்டும் வழியை மூடியது. வேர்ட்பிரஸும் அதே காலத்தில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இணைப்பு முகவரியைப் போட்டாலே பதிவு விரியும் வசதியை எடுத்துவிட்டது. 2024 டிசம்பர் 4 அன்று இன்ஸ்டாகிராமின் பேசிக் டிஸ்பிளே ஏபிஐ, அதாவது வேறு மென்பொருள்கள் பதிவுகளைக் கேட்டு எடுக்கும் வழி ஒன்று, நிறுத்தப்பட்டது. தனிநபர் கணக்கிலிருந்து ஃபீட் எடுத்துக்கொண்டிருந்த விட்ஜெட்கள் (பக்கத்தில் ஃபீட்டைக் காட்டும் பெட்டிகள்) அத்தோடு நின்றன. கணக்கை பிசினஸ் அல்லது கிரியேட்டர் வகைக்கு மாற்றினால்தான் புதிய வழியில் எடுக்கலாம். செயலியின் அமைப்புகளிலேயே, பணம் கட்டாமல் மாற்றிவிடலாம். இது தெரியாமல் மூன்று பிளகின் மாற்றிப் பார்த்தவர்களும், காசு கொடுத்து நான்காவது வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

ஒரே தொட்டித் தண்ணீர்

ஷெயார்ட் ஹொஸ்டிங் என்பது வெள்ளவத்தைத் தொடர்மாடி மாதிரி. வீடு உங்களுடையது, மொட்டைமாடித் தொட்டி எல்லாருக்கும் பொது. நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் சேர்வரின் அடையாள எண்) வெளியே போகும். பக்கத்துத் தளம் ஒன்று அளவுக்கு மீறிக் கேட்டால், அந்த முகவரிக்கே சமூக ஊடகம் கதவைச் சாத்தக்கூடும். 429 என்ற இலக்கத்தைக் கண்டால் "கேட்டது போதும், பொறு" என்று அர்த்தம். அந்த நேரத்தில் புதுப்பிப்புப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஃபீட்டைப் புதுப்பிக்கும் இடைவெளியை ஒரு நிமிடம் என்று வைத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். நாளுக்கு இரண்டு பதிவு போடும் கடைக்கு அது எதற்கு? ஒரு மணித்தியாலம் தாராளம்.

கேர்ல் என்பது சேர்வர் வெளியே தகவல் கேட்கப் பயன்படுத்தும் நிரல். கேர்ல் எரர் 28 என்றால் சேர்வர் வெளியே கேட்டுவிட்டுப் பதில் வராமல் நேரம் முடிந்துவிட்டது. பல தடவை ஹொஸ்டிங்கின் தீச்சுவர் (இணைப்புகளை வடிகட்டும் பாதுகாப்பு) காரணமாக இருக்கும். நீங்கள் சரிசெய்ய முடியாது, அவர்களிடம்தான் கேட்க வேண்டும். கேர்ல் எரர் 60 என்றால் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை. 2021 செப்டெம்பர் 30 அன்று லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவையின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய வேர்ச்சான்று காலாவதியானபோது, பழைய மென்பொருள் ஓடிய சேர்வர்கள் இப்படித்தான் முழித்தன. இணையத்தில் தேடினால் "சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவிடு" என்ற ஆலோசனை முதலில் கிடைக்கும். செய்யாதீர்கள். உங்கள் டோக்கன் அந்த வழியாகத்தான் போய் வருகிறது. சான்றுத் தொகுப்பைப் புதுப்பிக்கச் சொல்லி ஹொஸ்டிங்காரரிடம் கேளுங்கள், சீபேனலில் வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் பதிப்பையும் பாருங்கள். 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது.

கோப்புறை அனுமதியை 777 ஆக்குவதும், அதாவது யாரும் எழுதலாம் என்று திறந்துவிடுவதும், இதே வகை அவசர வைத்தியம். கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 போதும்.

"எனக்குத் தெரியுதே!"

வேர்ட்பிரஸில் லொகின் செய்தவருக்குக் கேஷ் பிளகின்கள் பெரும்பாலும் புதிய பக்கத்தைக் கொடுக்கும், வாடிக்கையாளருக்கு நேற்றைய பக்கத்தைக் கொடுக்கும். ஆகவே உரிமையாளர் பார்த்துவிட்டு "சரியாகிட்டுது" என்பதை நம்ப முடியாது. பிரவுசரின் இன்கொக்னிட்டோ முறையில் (லொகின் இல்லாத தனி ஜன்னல்) திறந்து, வைஃபையை அணைத்துப் போன் டேட்டாவிலும் ஒரு தடவை பாருங்கள். கேஷும் ஓரிடத்தில் இல்லை. ஃபீட் பிளகினுக்குச் சொந்தமாக ஒன்று, பக்கக் கேஷ் ஒன்று, கிளவுட்ஃபிளேர் என்ற இடைச்சேவை போட்டிருந்தால் அங்கே ஒன்று, பிரவுசரில் ஒன்று. உள்ளிருந்து வெளியே அந்த வரிசையில் துடைக்க வேண்டும். வெளிக்கேஷை முதலில் துடைத்தால் அது உள்ளே கிடக்கும் பழையதைத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளும்.

புடைவைக் கடையில் நடந்ததும் கேஷ் கோளாறுதான். இன்ஸ்டாகிராம் தரும் பட முகவரிகளுக்குள்ளேயே காலாவதி நேரம் இருக்கிறது. பக்கக் கேஷ் ஒரு மாதத்துக்கு என்று வைக்கப்பட்டிருந்ததால், முகவரிகள் செத்த பிறகும் அதே பக்கம் போய்க்கொண்டிருந்தது. பக்கக் கேஷின் ஆயுளை ஒரு நாளுக்குக் குறைத்து, படங்களை நமது சேர்வரிலேயே சேமிக்கும் தெரிவைப் போட்டேன். பழைய படங்கள் தானாக அழியும் எல்லையையும் வையுங்கள், ஷெயார்ட் ஹொஸ்டிங்கில் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு.

படங்களை நம்மிடம் வைப்பதற்கு இந்த ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னும், 2022 ஏப்ரல் 3 அன்றும் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அப்படியான நாளில் பார்ப்பவரின் பிரவுசரே நேராக பேஸ்புக்கிடம் போய் எடுக்கும் விட்ஜெட் வெறுமையாக நிற்கும். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் சேர்வர் எடுத்துத் தன்னிடமே வைத்திருக்கும் ஃபீட் வழக்கம்போலத் தெரியும்.

விளம்பரத் தடுப்பான் போட்டவர்களுக்கும், பயர்பொக்ஸின் கடுமையான பாதுகாப்பு முறையில் இருப்பவர்களுக்கும் பேஸ்புக் பெட்டி தெரியாமல் போவது சாதாரணம். பேஸ்புக் பக்கத்துக்கு வயது அல்லது நாட்டுக் கட்டுப்பாடு போட்டிருந்தாலும் லொகின் செய்யாதவருக்கு வெறுமைதான்.

தமிழ்த் தளங்களில் குழப்பும் இரண்டு

பழைய தளங்களின் தரவுத்தளம் இன்னும் மூன்று பைட் யுடிஎஃப்-8இலேயே (ஒரு குறிக்கு மூன்று பைட் வரை மட்டும் இடம் தரும் சேமிப்பு முறை) இருக்கலாம். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் சரியாக மூன்று பைட், அதனால் தமிழ் ஒழுங்காகச் சேரும். பெரும்பாலான எமோஜிகளுக்கு நான்கு வேண்டும். "தீபாவளி வாழ்த்துகள்" என்ற பதிவு வந்துவிடும், அதே வாழ்த்தோடு ஒரு விளக்கு எமோஜி போட்டால் பதிவு சேமிக்கப்படாமலே போகும், அல்லது எமோஜியோடு அறுந்துவிடும். சில பதிவு வருகிறது, சில வரவில்லை என்றால் எமோஜியைச் சந்தேகியுங்கள். பேக்கப் எடுத்த பிறகு அந்த அட்டவணையை நான்கு பைட் வகைக்கு மாற்றினால் தீரும்.

மற்றது, வாசகத்தைச் சுருக்கும் அளவு. "கொழும்பு" நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டுக் குறி, 24 பைட். 20 பைட்டில் வெட்டும் விட்ஜெட் "கொழும்" என்று காட்டி, பக்கத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் ஒன்றை வைக்கும். குறிக் கணக்கில் ஏழில் வெட்டினால் "கொழும்ப" என்று நிற்கும். எழுத்துரு பிழை என்று நினைத்து ஃபொண்ட் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அமைப்பில் எழுத்து எண்ணிக்கைக்குப் பதிலாகச் சொல் எண்ணிக்கையில் சுருக்கும் தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் சுருக்குவதையே நிறுத்திவிடுங்கள்.

ஹொஸ்டிங்காரருக்கு எழுதும்போது

"ஃபீட் வேலை செய்யவில்லை, அவசரம்" என்று எழுதினால், "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்றுதான் பதில் வரும். அவர்கள் தங்கள் பதிவேட்டில் தேடக்கூடியதைக் கொடுங்கள். சேர்வர் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசி, நாங்கள் ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம் என்பதையும் மறக்காதீர்கள். நான் அனுப்புவது இப்படி இருக்கும் (443 என்பது பாதுகாப்பான இணைப்புகள் போகும் வாசல் எண்):

"இன்று இலங்கை நேரம் காலை 9.10க்கு, யுடிசி 3.40க்கு, எமது தளத்திலிருந்து இன்ஸ்டாகிராம் ஏபிஐக்குச் சென்ற கோரிக்கை கேர்ல் எரர் 28 உடன் நின்றது. டோக்கன் செல்லுபடியாகிறது, வேறு கணினியிலிருந்து அதே கோரிக்கைக்குப் பதில் வருகிறது. எமது கணக்கிலிருந்து வெளிச்செல்லும் 443 இணைப்பு தீச்சுவரில் தடுக்கப்பட்டிருக்கிறதா எனப் பார்க்கவும்."